இழுத்து வைத்த ஏரி

செப்டம்பர் 4, திங்கள்

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரக் குழு வருகிறது. துறை முழுக்கக் கோப்பு மயம். ஐந்து வருடத்து விழாப் புகைப்படங்களைத் தேதிவாரியாக ஒட்டச் சொல்லி உத்தரவு. புவியியல் துறையில் இருபத்துமூன்று வருடம் குப்பை கொட்டியவள் இன்று முழுநாளும் பசை தடவினேன்.

நடுவில் வெளிநாட்டிலிருந்து ஒரு வினாப்பட்டியல் வந்தது. ஓர் ஆய்வை இன்னொருவர் அதே தரவையும் அதே படிகளையும் வைத்து மறுபடி செய்தால் அதே முடிவு வரவேண்டுமாம். இதைப் பற்றிப் புவியியல்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். "உங்கள் ஆய்வை உங்களைக் கேட்காமலே வேறொருவர் மறுபடி செய்ய முடியுமா?" என்பது முதல் கேள்வி. 'எப்போதும்' என்று குறித்தேன். "நீங்கள் பிறர் ஆய்வை மறுபடி செய்து பார்த்ததுண்டா?" 'ஆம்' என்று குறித்தேன். பார்த்ததில்லை. இந்தத் துறையில் யார் பார்த்திருக்கிறார்கள், சொல்லட்டும்.

துறைத் தலைவர் அம்பலவாணன் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், பரீட்சை எழுதறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதெல்லாம் கெமிஸ்ட்ரிக்காரங்களுக்குச் சரி. நமக்கு ஊர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. உங்க கீழ்மாந்தூர் ஏரிய வேறொருத்தன் எங்க போய் மறுபடி செய்வான்?"

சிரித்தோம். வரும் வழியில் இட்லி மாவு வாங்க மறந்துவிட்டேன். இரவு உப்புமா. என் கணவர் தட்டைப் பார்த்த பார்வையே போதும்.

செப்டம்பர் 7, வியாழன்

கீழ்மாந்தூர் கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது! ஆறு மாதமாக இதற்காகத்தான் காத்திருந்தேன். பேராசிரியர் பதவி உயர்வுக்கு டிசம்பரில் நேர்காணல். இந்தக் கட்டுரை இல்லாமல் அங்கே போவதும் போகாததும் ஒன்றுதான்.

எழுபது வருடத்துக்கு முந்தைய நில அளவைத் தாளில் கீழ்மாந்தூர் ஏரி எவ்வளவு பெரிதாக இருக்கிறது, இன்றைய செயற்கைக்கோள் படத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, சுருங்கிய இடத்தில் எத்தனை வீடுகள் முளைத்திருக்கின்றன. அவ்வளவுதான் கட்டுரை. பெருமழை வந்தால் ஏரி தன் பழைய இடத்தைத் தேடி வரும், ஆகவே அந்த வீடுகளுக்கு ஆபத்து. மொத்தம் 63 வீடுகள். எல்லாம் மேட்டுத் தெரு.

ஜூன் மாதமே இந்தப் படத்தை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. சால்வை போர்த்தினார்கள். மழைக்கு முன்னால் அந்த 63 குடும்பத்தையும் புறவழிச் சாலைப் பக்கம் கட்டியிருக்கும் புது வீடுகளுக்கு மாற்றப்போகிறார்கள். வாழ்க்கையில் நான் போட்ட ஒரு கோடு முதல் தடவையாக யாருக்கோ பயன்படுகிறது.

இதழ் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அவர்களுடைய சரிபார்ப்பாளர் எங்கள் தரவை வைத்து அதே படத்தைப் போட்டுப் பார்ப்பாராம். பார்க்கட்டுமே.

செப்டம்பர் 12, செவ்வாய்

கோப்புகளைத் தேடுவதில் இரண்டு நாள் போயிற்று. என் ஆய்வு மாணவன் ஜெரால்டு ஏப்ரலில் பட்டம் வாங்கிக்கொண்டு ஹைதராபாத் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கணினியில் 'இறுதி', 'இறுதி 2', 'இறுதி திருத்தியது', 'இதுதான் இறுதி', 'மேடம் சொன்ன இறுதி' என்று ஐந்து கோப்புகள். எது கட்டுரையில் போனது என்று கண்டுபிடிக்கவே அரை நாள். கடைசியில், பழைய தாளை ஸ்கேன் செய்த மூலப்படம், வீடுகளின் பட்டியல், ஜெரால்டு எழுதி வைத்த படிகள் எல்லாவற்றையும் கட்டி அனுப்பினேன்.

கண் எரிகிறது. விடைத்தாள் கட்டு நாளை வரும் என்கிறார்கள்.

செப்டம்பர் 21, வியாழன்

சரிபார்ப்பாளரிடமிருந்து பதில். மிகவும் மரியாதையான ஆள். நாங்கள் சொன்ன படிகளை அப்படியே செய்தாராம். 63 இல்லை, 58 வீடுகள் வருகின்றனவாம். "இந்த அளவு வேறுபாடு ஏற்கத்தக்கதே. ஆனால் எனக்கு வந்த வீடுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருக்கலாம். தெரிவித்தால் மகிழ்வேன்."

வேறு இடம் என்றால் எங்கே? அவர் அனுப்பிய படத்தைத் திறந்தேன். மேட்டுத் தெரு ஏரிக்கு மேற்கே இருக்கிறது. அவருடைய 58 வீடுகளும் கிழக்கே, புதுத் தெருவில்.

எங்கோ ஏதோ குளறுபடி. அவர் பக்கம்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 22, வெள்ளி

பழைய தாளைக் கணினியில் ஏற்றினால் அப்படியே செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்காராது. அந்தக் காலத்தில் பூமியின் வடிவத்துக்கு வைத்த அளவே வேறு. இன்றைய அளவுக்கு மாற்றச் சூத்திரம் இருக்கிறது. ஜெரால்டு எழுதிய படிகளில் அது இருக்கிறது. நானும் போட்டுப் பார்த்தேன். 58 வீடுகள், புதுத் தெரு.

ஜெரால்டு ஏதோ சொதப்பியிருக்கிறான். எழுதியது ஒன்று, செய்தது ஒன்று. இந்தப் பிள்ளைகளை நம்பி ஒரு காரியம் செய்ய முடிவதில்லை.

செப்டம்பர் 25, திங்கள்

ஜெரால்டிடம் பேசினேன். ஆபீஸ் கேன்டீனில் நின்று பேசினான், பின்னால் தட்டுச் சத்தம்.

"மேடம், நான் ஃபார்முலா போட்டுத்தான் வச்சிருந்தேன். நீங்கதான் கரை கரையோட ஒட்டலன்னு சொன்னீங்க."

"நான் சொன்னா நீ என்ன பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போயிட்டேன். வந்து பாத்தா படம் சரியா உக்காந்திருந்துச்சு. நீங்க சப்மிட் பண்ணியாச்சுன்னீங்க."

"அப்ப கேக்க வேண்டியதுதானே?"

"எப்படி மேடம் கேப்பேன்?"

நல்ல பையன். மறதியாக இருக்கும். நிறைய வேலை பார்த்தவன், பாவம்.

செப்டம்பர் 26, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. குடத்தில் தண்ணீர் தூக்கி இடுப்பு போயிற்று.

செப்டம்பர் 28, வியாழன்

அம்பலவாணனிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருடம் இந்தத் துறையைக் கட்டி இழுத்தவர்.

"63-க்கு 58. அவரே பரவாயில்லைங்கறாரு. அப்புறம் என்ன? 'உள்ளூர்ச் சரிசெய்தல் மேற்கொள்ளப்பட்டது'ன்னு ஒரு வரி போடுங்க. முடிஞ்சுது."

"சார், எண்ணிக்கை கிட்டத்தட்ட சரிதான். வீடுதான் வேற."

"கட்டுரையில எண்ணிக்கைதானே மேடம் இருக்கு? வீட்டு நம்பரா இருக்கு?"

கட்டுரையில் இல்லை. மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுத்த படத்தில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. டீ வந்தது, குடித்தோம்.

அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. அப்படி ஒன்றும் பொய்யான வரி இல்லை அது.

அக்டோபர் 1, ஞாயிறு

கட்டுரையில் போன அந்தக் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதி மார்ச் 14. ஜெரால்டு விடுப்பில் இருந்தது மார்ச் 12 முதல் 17 வரை.

இந்த நாட்குறிப்பிலேயே மார்ச் 14-ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது எழுதத் தெம்பில்லை. அரிசி ஊறப்போட வேண்டும்.

நாளை விடுமுறை. கீழ்மாந்தூர் போய்வரலாம் என்றிருக்கிறேன்.

அக்டோபர் 2, திங்கள்

இரண்டு பேருந்து மாறி, கடைசி மூன்று கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. வெயில் மண்டையைப் பிளந்தது.

முதலில் மேட்டுத் தெரு. பெயரே மேட்டுத் தெரு! ஏறும்போது மூச்சு வாங்கியது. ஏரித் தண்ணீர் இவ்வளவு உயரம் ஏறி வரும் என்று படம் போட்டவளுக்கு அங்கே ஏறும்போது மூச்சு வாங்குகிறது. போன தடவை ஜீப்பில் வந்தேன்.

வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பலராமன் என்பவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசை உள்ளேயிருந்து கொண்டுவந்து நீட்டினார்.

"இங்க தண்ணி வந்ததே இல்லம்மா. எங்கப்பா சொல்லியும் கேட்டதில்ல. மாட்டைக் கட்டவும் அங்க எடமில்ல. எங்கள ஏன் போவச் சொல்றாங்க?"

பிப்ரவரியில் நாங்கள் போனபோதும் இவர் இதையே சொன்னார். வீட்டை இழக்கப் பயந்து சொல்கிறார் என்று நானும் ஜெரால்டும் வழியில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஏரியைச் சுற்றிக் கிழக்கே புதுத் தெரு. மூன்றாவது வீடு செல்லக்கிளியுடையது. நூறு நாள் வேலையில் மேஸ்திரியாக இருக்கும் பெண், வயது நாற்பது இருக்கும், குரல் பெரிது. போன தடவை ஒரு முழு மதியம் எங்களோடு நடந்து இடம் இடமாகக் காட்டியவள்.

"வாங்க மேடம். எங்க பேரு லிஸ்ட்ல வந்துடுச்சா?"

இல்லை என்றேன்.

"மேட்டுத் தெருக்காரங்களுக்குக் குடுத்திருக்காங்களாமே! போவமாட்டேன்றவங்களுக்குக் குடுப்பாங்க, குடுங்கன்றவங்களுக்கு இல்லியா? போன வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி மேடம் இங்க. கொழந்தைங்கள அடுப்பு மேடை மேல ஏத்தி உக்கார வச்சேன்."

ஏரிக்கரை எது என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரிதான் கேட்டேன்.

"அதோ தெரியுதே, அது புதுக் கரை. எங்க மாமனார் சின்னப் புள்ளையா இருந்தப்ப ஏரிய ஒதுக்கிப் போட்டது. பழைய கரை இந்தப் பக்கம், பஸ்ஸு வருதே அந்த ரோடு. ரெண்டு கரைக்கும் நடுவுல நாங்க. ஒரு பக்கமும் வடியாது." சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போன தடவையே சொன்னேனே. எழுதிக்கிட்டீங்களே மேடம், அந்தப் பச்ச நோட்டுல."

மோர் கொடுத்தாள். குடித்தேன். கூசியது.

அக்டோபர் 3, செவ்வாய்

பச்சை நோட்டு அலமாரியில் விடைத்தாள்களுக்கு அடியில் இருந்தது. பிப்ரவரி 19, என் கையெழுத்து: "செல்லக்கிளி, புதுத் தெரு. பேருந்துச் சாலைதான் பழைய கரை என்கிறார். சரிபார்க்க."

மார்ச் 14, இந்த நாட்குறிப்பு: "படம் ஒருவழியாகப் பொருந்திவிட்டது. கையால் கொஞ்சம் மேற்கே இழுத்தேன், கரைமேல் கரை உட்கார்ந்தது. நாளை கடைசித் தேதி, தப்பித்தேன். நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து திரைச்சீலை துவைத்துப் போட்டேன்."

நான்தான் செய்தேன். இவ்வளவு நாளும் தெரியாமல் இல்லை. செப்டம்பர் 21 அன்று அந்தப் படத்தைத் திறந்தபோதே மார்ச் மாதத்து அந்தப் பிற்பகல் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை எழுதாமல் விட்டேன்.

பழைய தாளில் இருப்பது ஒரே கரை. இன்றைய படத்தில் பளிச்சென்று தெரிவதும் ஒரே கரை. சூத்திரம் போட்டால் இரண்டும் ஒட்டவில்லை. சூத்திரம் தப்பு, என் கண் சரி என்று முடிவு கட்டினேன். இருபத்துமூன்று வருட அனுபவம் அல்லவா! தாளில் இருந்தது பழைய கரை, படத்தில் தெரிந்தது புதுக் கரை. இல்லாத பொருத்தத்துக்காக ஓர் ஏரியையே பிடித்து மேற்கே இழுத்து, மேட்டின் மேல் ஏற்றி வைத்தேன். உண்மையில் ஏரிக்குள் இருக்கும் தெருவைக் கரையேற்றிவிட்டேன்.

ஜெரால்டைப் பற்றி இங்கே என்னென்னவோ எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை அடித்துவிட மனம் வந்தது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

அக்டோபர் 5, வியாழன்

வீட்டில் இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"சொன்னா பதவி உயர்வு போயிடுமா?"

"கட்டுரை போயிடும். அதோட அதுவும் போயிடும்."

"மழை எப்ப ஆரம்பிக்கும்?"

"இருபதுக்கு மேல."

"அப்ப இன்னும் ஏன் இங்க உக்காந்திருக்கே?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினேன்.

அக்டோபர் 9, திங்கள்

மாவட்ட அலுவலகம். மூன்று மணி நேரம் பெஞ்சில். ஜூனில் சால்வை போர்த்திய அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார். புதியவர் நல்லவிதமாகத்தான் பேசினார்.

"மேடம், நீங்க குடுத்த மேப்தான் இது. கையெழுத்தும் உங்களோடதுதான். இப்ப நீங்களே தப்புன்னா நான் மேல என்ன எழுதுவேன்?"

"தப்புன்னு எழுதுங்க."

"பட்டியல் போயாச்சு. திருப்பி வாங்கணும்னா நேர்ல அளந்து சரிபார்க்கணும். அதுக்குள்ள மழை வந்துடும்."

"புதுத் தெருவ மட்டுமாவது மழைக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாமே?"

எழுத்துமூலமாகக் கேட்டார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மேட்டுத் தெரு நோட்டீசை நிறுத்திவைக்கச் சொல்லியும் எழுதினேன். 'என் தவறு' என்ற சொல்லை எழுதும்போது பேனா மை தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் கடன் வாங்கி எழுதி முடித்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

அந்த ஒரு வரியை அழித்துவிட்டேன். இதழுக்கு இன்று அனுப்பிய விடுபட்ட படி இதுதான். நகல் இங்கேயும் இருக்கட்டும்.

"நான்காம் படி. மார்ச் 14, பிற்பகல். ஆய்வு மாணவர் ஜெரால்டு விடுப்பில் இருந்தார். இதில் அவருக்குப் பங்கு இல்லை. சூத்திரத்தின்படி சரியாக அமர்ந்திருந்த பழைய வரைபடத்தை நான், தமயந்தி, கையால் மேற்கே நகர்த்தினேன். எவ்வளவு என்று அன்று குறித்து வைக்கவில்லை. இப்போது அளந்ததில் 240 மீட்டர். பழைய கரையைப் புதுக் கரை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு கரைகள் இருப்பதை உள்ளூர்ப் பெண் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார்; சரிபார்க்கவில்லை. இந்தப் படியோடு செய்தால் என் படம் உங்களுக்கும் வரும். அது தவறான படம். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்."

அனுப்பிவிட்டு ஜெரால்டுக்கும் ஒரு நகல் போட்டேன். "மேடம்" என்று ஒரே ஒரு சொல் பதில் வந்தது.

அக்டோபர் 17, செவ்வாய்

அம்பலவாணன் நேரில் வரவில்லை. அங்கீகாரக் குழுவுக்கான கோப்பிலிருந்து என் கட்டுரையின் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். பசை நன்றாகத்தான் தடவியிருக்கிறேன். கிழித்துத்தான் எடுக்க முடிந்தது.

அக்டோபர் 27, வெள்ளி

சரிபார்ப்பாளர் எழுதியிருக்கிறார். நான்காம் படியைச் சேர்த்துச் செய்து பார்த்தாராம். "உங்கள் படம் அப்படியே வந்துவிட்டது. 63 வீடுகள், அனைத்தும் மேட்டுத் தெருவில். நான் இதுவரை சரிபார்த்த பதினொரு கட்டுரைகளில் முழுமையாக மறுபடி செய்ய முடிந்தது இது ஒன்றுதான். நன்றி."

சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன், பிறகு மூக்கைச் சிந்தினேன்.

செப்டம்பர் வினாப்பட்டியல் அனுப்பியவர்களுக்கு, என் பதில்களை மாற்ற வேண்டும் என்று எழுதினேன். முதல் கேள்விக்கு 'எப்போதும்' என்பதை எடுத்துவிட்டு 'ஒரு முறை' என்று போடச் சொன்னேன்.

நவம்பர் 4, சனி

மூன்று நாளாக மழை. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அழைத்தால் எடுப்பதில்லை.

காலை ஏழு மணிக்குச் செல்லக்கிளி போன் செய்தாள். மழைச் சத்தத்துக்கு மேலே அவள் குரல்.

"மேடம், நாங்க ஸ்கூல்ல இருக்கோம். நேத்து சாயங்காலம் தாசில்தார் ஆளுங்க வந்து தெரு மொத்தத்தையும் ஏத்திக்கிட்டு வந்துட்டாங்க. யாரோ எழுதிக் குடுத்தாங்களாமே."

"எல்லாரும் வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சு. ஆடு ரெண்டு போச்சு. வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு மேடம், அடுப்பு மேடை வரைக்கும். எங்கூட்டுக்காரரு போயி பாத்துட்டு வந்தாரு. ரெண்டு நாளு இங்க இருக்கலாம், அப்புறம் அதே வூட்டுக்குத்தான போவணும்? புது வூட்டு லிஸ்ட்ல எப்ப மேடம் எங்க பேரு வரும்?"

தெரியவில்லை என்றேன்.

"சரி, இதையாச்சும் எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டேன். நவம்பர் 4, காலை 7.10. புதுத் தெரு, மூன்றாம் வீடு. தண்ணீர் அடுப்பு மேடை வரை. சொன்னவர் செல்லக்கிளி.

சரிபார்க்க: நாளை காலை, 5.40 பேருந்து.